வீடே பள்ளி... ‘மாட்டேன்’ என்கிறது மழலை!

பாடம் என்றதும் முரண்டு பிடிக்கும் ஐந்து வயதுப் பிள்ளையை வீட்டுக்கல்விக்குப் பழக்குவது எப்படி?

“தண்ணி வேணும்.” “ஒண்ணுக்கு வருது.” “கை வலிக்குதும்மா.” “நாளைக்கு எழுதுறேனே...”

ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்கு இந்த வரிசை மனப்பாடம். பென்சில் சீவியாயிற்று. நோட்டுக்கு அட்டை போட்டாயிற்று. சுவரில் உயிரெழுத்துப் படம் ஒட்டியதில் கூடத்தின் ஒரு மூலை வகுப்பறையாகவே மாறிவிட்டது. முதல் நாள் துள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிள்ளை, அடுத்த வாரமே மேசைக்கு அடியில் புகுந்துகொள்கிறது. இரவில் மடியில் படுத்து ‘இன்னொரு கதை’ என்று கெஞ்சும் அதே குழந்தை, காலையில் நோட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அம்மாவுக்கு முதலில் கோபம் வருகிறது. பிறகு பயம் வருகிறது. ‘பேசாமல் எல்.கே.ஜி-யில் போட்டிருக்கலாமோ? நம்மால் முடியாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டோமோ?’

பதறுவதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். அங்கே ஒரு பிள்ளையை உட்காரவைப்பது ஆசிரியரின் குரல் மட்டும் அல்ல. வாசல் கேட் இருக்கிறது, மணி இருக்கிறது, சீருடை இருக்கிறது, வரிசை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் இருபது முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது அம்மாவின் குரல் ஒன்றுதான். அதுவும் காலையில் தோசை ஊட்டிய குரல், நேற்று இரவு தூங்கவைத்த குரல். அது திடீரென்று டீச்சரின் குரலாக மாறும்போது பிள்ளை திகைக்கிறது. தன் அம்மாவைத் திரும்பத் தரச் சொல்லிக் கேட்கிறது. ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குள் இந்தக் கோரிக்கை இருப்பதை உணர்ந்துகொண்ட வீடுகளில், அடுத்து என்ன செய்வது என்பதும் புலப்படத் தொடங்குகிறது.

எல்லோரும் கடந்த பாதை

வீட்டில் மழலைக் கல்வி என்பது ஒரு சிலரின் விநோதப் பழக்கமாகப் பார்க்கப்பட்ட காலம் 2020-ல் முடிந்தது. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி 1993-க்குள் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது என்றாலும், 2019-ல் அங்கே ஏறக்குறைய 3 சதவிகித மாணவர்களே வீட்டில் படித்தார்கள். கொரோனா வந்த பிறகு, அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வுப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்தவை 2020 வசந்த காலத்தில் 5.4 சதவிகிதம், இலையுதிர் காலத்தில் 11.1 சதவிகிதம். அந்த ஆண்டு அமெரிக்க அரசுப் பள்ளிகளின் கிண்டர்கார்டன் சேர்க்கை 9 சதவிகிதம் சரிந்தது. தொடக்கப் பள்ளி வகுப்புகளைவிட மழலை வகுப்புகளில்தான் இழப்பு அதிகம். ஏராளமான பெற்றோர், மிகச் சிறிய பிள்ளையைத்தான் முதலில் வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டின் அனுபவம் இன்னும் நீண்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில் திறந்தன. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் லட்சக்கணக்கான தமிழ்ப் பெற்றோர் விரும்பியோ விரும்பாமலோ மழலையர் ஆசிரியர்களாக இருந்தார்கள். செல்போன் திரைக்கு முன்னால் நான்கு வயதுப் பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்கப் பட்ட பாட்டை அவர்கள் மறந்திருக்க முடியாது. பள்ளிகள் திறந்த பிறகும், பல்வேறு காரணங்களுக்காக வீட்டுக்கல்வியைத் தொடரும் குடும்பங்கள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் இருக்கின்றன. பள்ளிக் கட்டணம், நீண்ட வேன் பயணம், பிள்ளையின் உடல்நிலை, அடிக்கடி ஊர் மாறும் வேலை, மூன்று வயதிலேயே தொடங்கும் எழுத்துச் சுமை மீதான கசப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம்.

பாட்டில் தொடங்கிய பள்ளி

மழலையர் பள்ளி என்ற ஏற்பாட்டை உலகுக்குத் தந்த ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் ஜெர்மனிக்காரர். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு 1840-ல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டார். பந்து, மரக்கட்டை, தோட்டம், பாட்டு ஆகியவையே அங்கே பாடங்கள். 1844-ல் அவர் வெளியிட்ட ஒரு நூல், அம்மாக்கள் வீட்டில் குழந்தைகளோடு கை அசைத்து விளையாடிக்கொண்டே பாட வேண்டிய பாட்டுகளின் தொகுப்பு. இன்று ‘பள்ளியை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்’ என்று நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய வரலாறு இது. வீட்டில் தாயும் பிள்ளையும் விளையாடும் விளையாட்டு, மழலையர் பள்ளி பிறந்தபோதே அதன் உள்ளே இருந்தது. ‘சாய்ந்தாடம்மா’வும் ‘கைவீசம்மா’வும் பாடிய பாட்டிக்கு இந்தப் பாடத்திட்டம் ஏற்கெனவே தெரியும்.

அடுத்த பெரிய திருப்பம் 1907 ஜனவரி 6-ல் ரோம் நகரில் நடந்தது. சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிர்வாகம் கவலைப்பட்டது. அவர்களை ஓர் அறையில் வைத்துக் கவனிக்கும் பொறுப்பு மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரிடம் வந்தது. அங்கே ஒரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், பிள்ளைகள் வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலையில் மூழ்கியிருந்தார்கள். ஆசிரியைக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. மாண்டிசோரியோ, தனக்குத் தேவையானதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு பிள்ளைக்கு இருக்கிறது என்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொண்டார். பூட்டிய அலமாரிகள் போய், பிள்ளையின் கைக்கு எட்டும் திறந்த தட்டுகள் வந்தன.

அந்த அம்மையார் தமிழகத்துக்கும் வந்தார். 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு ஜார்ஜ் அருண்டேலும் ருக்மணி தேவியும் அழைக்க, மகன் மரியோவோடு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். இரண்டாம் உலகப் போர் மூண்டு, இத்தாலி எதிரி நாடானதால் சில மாதங்களுக்கு என்று வந்தவர் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அதில் ஒரு பகுதி கொடைக்கானலில் கழிந்தது.

வீட்டுக்கல்விக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விலையுயர்ந்த மாண்டிசோரி சாதனங்களை அல்ல. அந்தத் திறந்த அலமாரியை. கூடத்தில் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டு போதும். அதில் மூன்று நான்கு பொருள்கள் மட்டும் இருக்கட்டும்: வண்ணப் பென்சில்களும் தாளும், கோக்க மணிகளும் நூலும், ஒரு படக்கதைப் புத்தகம், பல்லாங்குழியும் புளியங்கொட்டையும். ‘வா, உட்கார், எழுது’ என்பதற்குப் பதில் ‘இன்னிக்கு எதை எடுக்கப் போறே?’ என்ற கேள்வியில் காலை தொடங்கினால், பாதி முரண்டுக்கு வேலை இல்லாமல் போகிறது. எடுக்கலாமா வேண்டாமா என்பதற்குப் பதில் எதை எடுப்பது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்குகிறது. வாரம் ஒருமுறை பொருள்களை மாற்றி வைத்தால், பழைய பொருளே புதிதாகத் திரும்பி வரும்.

ஒவ்வொரு ‘மாட்டே’னுக்கும் ஒரு காரணம்

எல்லா மறுப்பும் ஒரே மறுப்பு அல்ல. எந்த நேரத்தில், எந்த வேலையில், எந்தச் சொல்லுக்குப் பிறகு பிள்ளை பின்வாங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்துத் தாளில் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும்.

முதல் காரணம் உடம்பு. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தினமும் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இரவு பதினொன்றுக்குத் தூங்கிக் காலை எழுந்ததும் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளை நெளிவதில் வியப்பில்லை. அந்தப் பிள்ளைக்கு முதல் பாடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடக்க வேண்டும்: பாண்டி ஆடுவது, கயிறு தாண்டுவது, பந்தைப் பிடிப்பது. அரை மணி நேரம் ஆடிவிட்டு வந்த உடம்பு தானாகவே உட்காரத் தேடும்.

இரண்டாவது காரணம் கை. விரல் தசைகள் பலப்படாத பிள்ளைக்குப் பென்சில் ஒரு பெரிய பாரம். ‘கை வலிக்குது’ என்று அது சொல்வது பல நேரங்களில் அப்பட்டமான உண்மை.

மூன்றாவது, தப்பாகிவிடுமோ என்ற பயம். அழித்து அழித்து எழுதும் பிள்ளையும், ‘எனக்கு வராது’ என்று தொடங்கும் முன்பே ஒதுங்கும் பிள்ளையும் இந்த வகை. வீட்டில் வகுப்பு என்றால் பிள்ளை ஒன்று, பார்க்கும் கண் இரண்டு. அந்தக் கண்கள் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பள்ளியில் முப்பது பேர் நடுவே ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது, இங்கே இல்லை. இந்தப் பிள்ளையின் பக்கத்தில் அம்மாவும் ஒரு தாளை எடுத்துத் தன் பாட்டுக்கு வரையத் தொடங்கினாலே இறுக்கம் தளர்வதைப் பார்க்கலாம். சிலேட்டும் இங்கே நல்ல துணை. கையால் துடைத்தால் தப்பு காணாமல் போய்விடும், நோட்டில் அது சிவப்பு மையோடு நிற்கும்.

நான்காவது, ஏக்கம். எதிர்வீட்டுப் பிள்ளை வேனில் ஏறுகிறது. அதற்கு லஞ்ச் பாக்ஸ் இருக்கிறது, பை இருக்கிறது, ‘எங்க மிஸ்’ இருக்கிறார். வீட்டில் ஒரு தம்பிப் பாப்பா இருந்துவிட்டால் ஏக்கம் இரட்டிப்பு: தான் எழுத வேண்டும், தம்பி மட்டும் அம்மா இடுப்பில் இருப்பான். வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு லஞ்ச் பாக்ஸ் கட்டிக் கொடுத்து, பத்தரை மணிக்குப் பால்கனியிலோ வேப்ப மரத்தடியிலோ உட்கார்ந்து சாப்பிடவைக்கலாம். தம்பி தூங்கும் அரை மணி நேரத்தைப் பெரிய பிள்ளைக்கே முழுதாகக் கொடுக்கலாம்.

ஐந்தாவது காரணம், ஏற்கெனவே ஒரு பள்ளியில் பட்ட காயம். எல்.கே.ஜி-யில் திட்டும் அடியும் வாங்கி வீட்டுக்கு வந்த பிள்ளை, நோட்டு என்ற பொருளையே வெறுக்கும். அனுபவமுள்ள வீட்டுக்கல்விக் குடும்பங்கள், இப்படி வரும் பிள்ளைக்குச் சில வாரங்களாவது எழுத்துப் பாடமே வைப்பதில்லை. கதை, சமையல், மண், தண்ணீர், பயணம் என்று மட்டும் நாள் நகரும். பிள்ளை தானாகக் கேள்வி கேட்கத் தொடங்குவதுதான் பாடம் ஆரம்பிப்பதற்கான அறிகுறி.

மணி அடிக்காத வீட்டில் ஒழுங்கு

இந்த வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் புரியாது, வரிசை புரியும். காலை உணவு, விளையாட்டு, குட்டிப் பாடம், நொறுக்குத் தீனி, கதை, குளியல், சாப்பாடு, தூக்கம் என்று தினமும் ஒன்றின் பின் ஒன்றாக வந்தால் பேரத்துக்கு இடமில்லாமல் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டிவிடலாம். ‘அடுத்து என்ன?’ என்று அம்மாவைக் கேட்காமல் படத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளும். அப்போது கட்டளை போடுவது அம்மா இல்லை, அந்தச் சுவர்ப்படம். வீட்டில் இல்லாமல்போன பள்ளி மணியின் இடத்தை இந்தப் படம் நிரப்புகிறது. நாளின் தொடக்கத்துக்கு ஓர் அடையாளம் வைப்பதும் உதவும்: ஒரு பாட்டு, வாசலில் ஒரு சின்னக் கோலம், செடிக்கு ஒரு செம்பு தண்ணீர்.

பாடம் எவ்வளவு நேரம்? இங்கிலாந்தில் வீட்டுக்கல்விக்கு அடித்தளம் போட்ட சார்லட் மேசன் 1886-ல் எழுதிய நூலிலேயே இதற்கு விடை சொல்லியிருக்கிறார். ஆறு வயது வரை முறையான பாடம் வேண்டாம், அந்த ஆண்டுகள் வெளியில், வெயிலிலும் புல்லிலும் கழியட்டும் என்றார் அவர். அதன் பிறகும் பாடம் 15, 20 நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய முறை. ஐந்து வயதில் ஒரு வேலைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளில் அப்படி மூன்று நான்கு வேலை என்றால் மொத்தம் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பள்ளிக்கு ஈடாக நான்கு மணி நேரம் உட்காரவைக்க நினைப்பவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கவும், நோட்டு விநியோகிக்கவும், கழிப்பறை போய்வரவும் ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டால், பள்ளியிலும் ஒரு பிள்ளைக்கென்று கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

பிள்ளை களைத்துப்போவதற்கு முன்பே நிறுத்துவது முக்கியம். ஐந்து எழுத்து எழுதலாம் என்று திட்டமிட்டிருந்தாலும், மூன்றாவது எழுத்து அழகாக வந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டால் மறுநாள் அந்த நோட்டு பகையாகத் தெரியாது.

இன்னொரு சங்கதி, மொழி. ஒரே வாரத்தில் ‘அ, ஆ’வும் ‘ஏ, பி, சி’யும் ‘ஒன், டூ, த்ரீ’யும் சேர்ந்து வந்தால் எந்தப் பிள்ளைக்கும் தலை சுற்றும். பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுகிறதோ, கனவு சொல்கிறதோ, அந்த மொழியில் தொடங்குவதே இயல்பு. மூன்று முதல் எட்டு வயதுக்கென மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட கலைத்திட்ட வரைவும் வீட்டு மொழியில் தொடங்குவதையும் விளையாட்டு வழியில் கற்பிப்பதையுமே வலியுறுத்துகிறது. தமிழக அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’தான்.

மணலில் ஓடிய விரல்

1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றைக் கவனித்துவந்தார். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்து போனபோது, பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அசந்துபோனவர் அந்த முறையைத் தன் இல்லத்திலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவைத்தார். 1797-ல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியாக ‘மதராஸ் முறை’ இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. மாண்டிசோரி தன் பிள்ளைகளுக்கு உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவக் கொடுத்ததற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, நம் திண்ணைப் பள்ளிகளில் விரலுக்கும் எழுத்துக்கும் அந்த உறவு இருந்தது.

பென்சிலை மறுக்கும் பிள்ளைக்கு இன்றும் இதுவே எளிய வழி. ஒரு தாம்பாளத்தில் ரவையோ மணலோ கோலப்பொடியோ பரப்பிக் கொடுத்தால் போதும். விஜயதசமி அன்று அரிசியில் எழுதவைத்துவிட்டு மறுநாளே பென்சிலைத் திணிக்காமல், அந்தத் தாம்பாளத்தைச் சில மாதங்கள் அப்படியே வைத்திருக்கலாம்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதிலும் பிள்ளையின் கை ஒரு கருத்து வைத்திருக்கிறது. ‘அ’ முதல் எழுத்துதான், ஆனால் சுழியும் வளைவும் நிறைந்தது. ‘ட’ இரண்டே கோடு. ‘ப’ மூன்று கோடு. ‘ம’ அதன் பக்கத்து வீடு. அதனால்தான் நேர்க்கோட்டு எழுத்துகளில் ஆரம்பித்து வளைவுகளுக்குப் போகும் முறையைத் தமிழாசிரியர்கள் பலர் பின்பற்றுகிறார்கள். ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றும் வந்துவிட்டால் ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ வந்துவிடும். தானே ஒரு சொல்லைப் படித்துவிட்ட பிள்ளையின் முகத்தில் தெரியும் வெற்றியை எந்தப் பரிசும் தந்துவிட முடியாது.

விரலைப் பலப்படுத்தும் பாடங்கள் சமையலறையில் குவிந்து கிடக்கின்றன. பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது, சப்பாத்தி மாவு உருட்டுவது, பூ தொடுக்கப் பார்ப்பது, துணிக் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது எல்லாமே பென்சில் பிடிப்பதற்கான பயிற்சி. எண்ணும் அங்கேயே இருக்கிறது. ‘ஆளுக்கு ரெண்டு இட்லின்னா நாலு பேருக்கு எத்தனை?’ என்பது கணக்கு. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து ஐந்தாகப் போடுவது கணக்கு. தாயத்தில் காய் நகர்த்துவதும் கணக்கு. இவற்றில் தாத்தாவும் பாட்டியும் அம்மாவைவிட நல்ல ஆசிரியர்கள், அவர்கள் அவசரப்படுவதில்லை.

ஸ்டிக்கரின் மறுபக்கம்

‘ஒரு பக்கம் எழுதினா ஒரு ஸ்டார். அஞ்சு ஸ்டார் வந்தா சாக்லேட்.’ பெரும்பாலான வீடுகள் முதலில் எடுக்கும் ஆயுதம் இது. சில நாள்கள் நன்றாகவே வேலை செய்யும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்திலுள்ள மழலையர் பள்ளி ஒன்றில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 1973-ல் வெளியானது. வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் கொண்ட சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள், மற்ற இரு குழுக்களோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். பிடித்த விளையாட்டு, கூலிக்குச் செய்யும் வேலையாக மாறிப்போயிருந்தது.

பாராட்டவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. எதிர்பாராமல் கிடைத்த பரிசு அந்த ஆய்வில் ஆர்வத்தைக் கெடுக்கவில்லை. பிள்ளை வரைந்ததைக் கூடத்தில் ஒட்டுவது, ஊரிலிருக்கும் பாட்டிக்கு அதைக் கடிதமாக அனுப்புவது, ‘இந்த யானைக்கு எதுக்கு நீல வால்?’ என்று அக்கறையோடு கேட்பது எல்லாம் பிள்ளையின் உழைப்பை மதிப்பவை. பேரமாக முன்வைக்கப்படும் சாக்லேட்டுக்கு அந்தக் குணம் இல்லை. செல்போனைப் பரிசாக்கினால் சிக்கல் இன்னும் கூடும். இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாடத்துக்குக் கூலியாக வரும் செல்போன், வீட்டிலேயே விலை உயர்ந்த பொருளாகவும் பாடம் அதற்குக் கொடுக்கும் விலையாகவும் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பையன் எழுதுகிறானே!

பெற்றோரின் அவசரத்துக்குப் பின்னால் ஓர் ஒப்பீடு இருக்கும். ‘அவன் ஆயிரம் வரைக்கும் எழுதுறான், இவ இன்னும் இருபதுலயே நிக்கிறா.’ நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 5 வயதில் வாசிப்புப் பாடம் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கிய ஸ்டெய்னர் பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 11 வயதுக்கு வரும்போது இரு தரப்பின் வாசிப்புத் திறனிலும் வேறுபாடு இல்லை. பின்லாந்தில் இன்றும் முதல் வகுப்பு 7 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஓராண்டு ஆயத்தக் கல்வியே 2015-ல்தான் கட்டாயமானது.

தாமதமாகத் தொடங்கிய பிள்ளைகள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களைச் சுற்றிக் கதையும் பாட்டும் பேச்சும் நிறைந்திருந்தன. எழுத்தைத் தள்ளிவைக்கும் வீடு, கதையைத் தள்ளிவைக்கக் கூடாது. சென்னையின் தூளிகா, தாரா பதிப்பகங்களின் படக்கதைகள், பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகள், சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உள்ள குழந்தைகள் பிரிவு என்று வழிகள் பல. தினமும் இரண்டு கதை வாசித்துக்காட்டும் வீட்டில், நோட்டுப் பாடம் ஒரு வாரம் நின்றுபோனாலும் கல்வி நிற்பதில்லை.

உறவினர்களையும் சமாளித்தாக வேண்டும். கல்யாண வீட்டில் யாராவது குனிந்து, ‘பாப்பா எந்த ஸ்கூல்?’ என்று கேட்பார்கள். பதில் தெரியாமல் பிள்ளை விழிக்கும். வீட்டுக்கு வந்ததும் ‘நான் ஏன் ஸ்கூலுக்குப் போகலை?’ என்று அழும். முன்கூட்டியே ஒரு பதிலைப் பழக்கிவைத்தால் இந்தச் சங்கடம் தீரும்: ‘நான் வீட்லயே படிக்கிறேன். அப்பாவும் நானும் ராக்கெட் செஞ்சோம்.’ சொல்லிக்கொள்ள ஒரு பெருமை கிடைத்த பிள்ளை, மறுநாள் பாடத்துக்கு வரத் தயங்குவதில்லை. அப்பாவின் பங்கு இங்கே முக்கியம். வாரத்தில் இரண்டு பாடமாவது அவர் கையில் இருந்தால் அம்மா அம்மாவாக இருக்கவும் நேரம் கிடைக்கும்.

துணையில்லாமல் வளரும் பிள்ளைக்கு மறுப்பு சீக்கிரம் வரும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாரத்தில் இரு நாள் பூங்காவிலோ யாராவது ஒருவர் வீட்டிலோ பிள்ளைகளைக் கூட்டினால், தனியாகச் செய்ய மறுத்ததைப் பலர் கூட்டாகச் செய்யும்போது பிள்ளை செய்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. ஆறு வயதுக்கு முன் மழலையர் வகுப்பில் சேர்த்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. எனவே எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதில் வீட்டில் சொல்லிக்கொடுப்பதில் சட்டச் சிக்கல் இல்லை.

ஆறு வயதுக்குப் பிறகு நிலைமை வேறு. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது சட்டத்தின் 10-வது பிரிவு. வீட்டுக்கல்வி பற்றிச் சட்டத்தில் நேரடியாக எதுவும் இல்லை. வீட்டில் தொடர விரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தைப் பார்க்கிறார்கள். 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள் அதில் உள்ளன.

பள்ளிக்குத் திரும்ப நினைத்தால் கதவு திறந்தே இருக்கிறது. 4-வது பிரிவின்படி, இதுவரை பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். 13-வது பிரிவின்படி, சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 15-வது பிரிவு.

அடம் அடங்காவிட்டால்...

தூக்கம், விளையாட்டு, குட்டிப் பாடம், தேர்வு செய்யும் உரிமை, துணை எல்லாம் கொடுத்தும் மூன்று நான்கு மாதம் மறுப்பு அப்படியே தொடர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது கண்ணையும் காதையும்தான். படத்தை மூக்கருகே வைத்துப் பார்ப்பது, கூப்பிட்டால் அடிக்கடி ‘ஆங்?’ என்பது, ஐந்து வயதிலும் பேச்சு வெளியாருக்குப் புரியாமல் இருப்பது, ஒலி, துணி, கூட்டம் ஆகியவற்றுக்கு அளவுக்கு மீறி மிரள்வது போன்றவை இருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கண், காது, பேச்சு, வளர்ச்சி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள்.

உடலில் குறையில்லை, ஆனாலும் பிள்ளை மற்ற பிள்ளைகளுக்காகவே ஏங்குகிறது என்று தெரிந்தால், பள்ளிக்கு அனுப்பும் முடிவை எடுக்கத் தயங்க வேண்டியதில்லை. பக்கத்து அங்கன்வாடிக்குக் காலையில் மூன்று மணி நேரம் அனுப்பிவிட்டு, மற்ற நேரத்தில் வீட்டிலேயே கதையையும் கணக்கையும் தொடரும் குடும்பங்களும் உண்டு. அனுப்புவதற்கு முன்பு ஒரு நாள் பிள்ளையை அழைத்துப்போய் வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய் மூன்றையும் காட்டிவிட்டு, டீச்சரிடம் பிள்ளைக்குப் பிடித்த கதையின் பெயரையும் சொல்லிவிட்டு வருவது நல்லது.